இடது காது மட்டும்

"வலியில்லை" என்று எழுதினவன் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோல் கிளினிக்கில் இப்போது முடி போக்கும் லேசர் மிஷின் புதிதாக வந்திருக்கிறது. அதற்கு வழவழவென்று ஒரு நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். வலியில்லை, தழும்பில்லை, முடி இனி இல்லவே இல்லை. பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே முடி முளைத்ததில்லை போலிருக்கிறது. அங்கே இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் இதை என் கையில் கொடுத்து, "தங்கபாய் சேச்சி, வாறவங்க என்னெல்லாம் எதிர்பார்க்கலாம்னு ஒரு பக்கம் எழுதித் தருமோ? சேச்சிக்கில்லா இந்த வேலை நல்லா அறியும்" என்றார்கள்.

"மிஷினைத் தொடுறதுக்கு முன்னே ஆளை மணந்து பாக்கியளா?" என்று கேட்டேன்.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. "அதெல்லாம் பழைய காலம் சேச்சி. புது மிஷின்ல ஸ்கிரீன் எல்லாம் காட்டும்."

"ஸ்கிரீனுக்கு மூக்கு இருக்கா பிள்ளே?"

அதனால் ஒரு பக்கம் எழுதவில்லை. இதை எழுதுகிறேன். முழுக்கப் படிக்காமல் மிஷினைத் தொடுகிறவள் வேறு வேலைக்குப் போகட்டும்.

எனக்குச் சொந்த ஊர் பாறசாலை. உதவி நர்ஸ் படிப்பு முடித்து, ஒரு ஆஸ்பத்திரியின் தோல் வார்டில் சில வருடம் சொறியும் சிரங்கும் துடைத்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் டாக்டர் ஏலியம்மாவின் கிளினிக்கில் சேர்ந்தேன். அப்போது லேசர் கிடையாது, ஊசிதான். ஒரு முடிக்கு ஒரு குத்து. முடியின் வேருக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, காலால் ஒரு கட்டையை மிதித்தால் கரண்ட் போகும். ஒரு அம்மாவின் தாடையை முடிக்க ஒரு வருடம் ஆகும். அதற்குள் அவர் குடும்பக் கதையும் என் குடும்பக் கதையும் தீர்ந்து, பக்கத்து வீட்டுக் கதைக்குப் போயிருப்போம். இரண்டாயிரத்துக்குப் பிறகு லேசர் வந்தது. கம்பெனிக்காரர் ஒருவர் மூன்று நாள் இங்கிலீஷில் வகுப்பு எடுத்தார். எனக்குப் பாதி புரியவில்லை. அவர் போன பிறகு டாக்டரம்மா ஒரு வாரம் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லித் தந்தார். என் படிப்பு அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் முக்கியமானது இது. மிஷினிலிருந்து வருவது வெளிச்சம். அது கறுப்பைத் தேடிப் போகும். முடியின் வேரில் இருக்கும் கறுப்பில் போய் விழுந்து அதைச் சுட்டுவிடும். ஆனால் அந்த வெளிச்சத்துக்குப் புத்தி கிடையாது. வேர் எது, கண்மை எது என்று அதற்குத் தெரியாது. தோலின் மேலே கறுப்பாக எது இருந்தாலும் அங்கேயே நின்று சுடும். மற்றப் பூச்சுகளும் ஆகாது, துடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் தோலில் நிற்கும்.

ஆகவே டாக்டரம்மா மணந்து பார்ப்பார்.

இதை ஏதோ பேச்சுக்குச் சொல்லவில்லை. அவர் குள்ளமான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாரைத் திட்டுவதாக இருந்தாலும் கோவிலில் பேசுவதுபோலத்தான் பேசுவார். சிகிச்சைக்கு வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, கைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இடது கன்னம், வலது கன்னம், கழுத்து என்று வரிசையாக மூக்கைக் கொண்டுபோவார். மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய், வெளுப்பாக்கும் கிரீம், முடி உதிர்க்கும் கிரீம், எல்லாம் அந்த மூக்குக்குத் தெரியும். கண்ணைத் திறந்து, "மஞ்சள். இன்னு ராவிலே" என்பார். காலையில் பூசிய மஞ்சள். அந்த அம்மா ஆமாம் என்று தலை குனிவாள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அரை மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஒரு சுற்று.

நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது குளித்து, பூசி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்கு வருவதுபோல வருவார்கள். ஒன்றும் பூசாமல் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான். "டாக்டரைப் பார்க்க வரும்போது வெறும் முகத்தோடயா வாறது?" என்று என்னையே கேட்பார்கள்.

கொஞ்ச நாளில் மணக்கும் வேலை எனக்கு வந்தது. மிஷினில் நம்பர் வைப்பது டாக்டரம்மா. மணப்பதும் அடிப்பதும் நான். ஒவ்வொரு தடவையும் பக்கத்து அறையிலிருந்து ஒரு கேள்வி வரும்: "தங்கம், மணத்து நோக்கியோ?" மணந்து பார்த்தாயா என்று. நான் "நோக்கி" என்ற பிறகுதான் மிஷின் ஓடும். எனக்கு ஜலதோஷம் என்றால் அன்று மிஷின் கிடையாது. காலையிலேயே சொல்லிவிட வேண்டும். அது சட்டம்.

பெரிய போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கன்னத்து முடிக்காக வந்தார். நான் குனிந்து மணந்தபோது நாற்காலியோடு பின்னால் போனார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் மோந்து பாத்ததில்லை!"

"நாயைத்தான் விட்டிருப்பிய. இப்போ நீங்க இரியுங்கோ" என்றேன். உட்கார்ந்தார்.

விதுராவிலிருந்து ஒரு டீச்சர், மேலுதட்டுக்காக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தார். அறைக்குள் வந்து முகத்தைக் காட்டினால் ஒரு முடி கிடையாது. முந்தின நாள் நூல் போட்டு எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். கேட்டால், "டாக்டர் முன்னால மீசையோட எப்படி இருக்கிறது சிஸ்டர்?" நான்கு வாரத்துக்குப் பிடுங்கக் கூடாது, வேர் உள்ளே இருந்தால்தான் சுட முடியும், சவரம் மட்டும் பண்ணலாம் என்று சீட்டில் எழுதியிருந்தது. படித்திருந்தார். வெட்கம் தாங்கவில்லை. திருப்பி அனுப்பினேன். அன்று அவர் என்னைத் திட்டிக்கொண்டே படி இறங்கியதும் சரி, நான் மேலே நின்று பதில் சொன்னதும் சரி, அக்கம்பக்கத்துக்கு நன்றாகவே கேட்டது.

இனி வாத்தியார் கதைக்கு வருகிறேன்.

கரமனை அக்கிரகாரத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் அனந்தராமன். கல்யாணம், சிராத்தம் நடத்தி வைக்கும் வாத்தியார். அறுபதை நெருங்கிய வயது. உட்காரச் சொன்னதும் உட்காராமல் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார்.

"சிஸ்டர், இந்தக் காதைப் பாருங்கோ."

பார்த்தேன். காது தெரியவில்லை. ஓரத்திலிருந்தும் மடலிலிருந்தும் முடி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக, பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி நின்றது.

"எங்காத்துல இது அதிர்ஷ்டம்கறா. காதுல ரோமம் இருந்தா குறைவே வராதாம். முப்பது வருஷமா நானும் நம்பினேன். வீடியோன்னு ஒண்ணு வந்துதோல்லியோ, அதோட போச்சு."

விஷயம் இதுதான். அப்போதெல்லாம் கல்யாண வீடியோக்காரர்கள் கேமரா மேல் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு வருவார்கள். முகத்தில் அடித்தால் ஒரு நாழிகை கண் தெரியாது. வாத்தியார் ஹோமத்தின் முன்னால் உட்கார்ந்திருக்க, விளக்கு பக்கத்திலிருந்து அடிக்கும்போது அந்தக் காது முடி முழுக்க நெருப்புப் பிடித்ததுபோல மின்னியது. கேசட் போட்டுப் பார்த்த வீடுகளில் தாலி கட்டும் இடத்தில் கண் துடைப்பதற்குப் பதிலாகச் சிரித்திருக்கிறார்கள். "வாத்யாருக்குக் காதுல மீசை" என்று பிள்ளைகள் தெருவில் சொல்ல ஆரம்பித்துவிட்டன. அடுத்தடுத்து மூன்று வீடுகளில் இவரை விட்டுவிட்டு வேறொரு வாத்தியாரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"மந்திரம் சரியாச் சொல்றேனான்னு ஒருத்தரும் கேக்கலை சிஸ்டர். காதைத்தான் பாக்கறா. இன்னும் மூணு வாரத்துல எங்க தெருவிலேயே ஒரு கல்யாணம் இருக்கு. ஞாயித்துக்கிழமை. நாலு தெரு ஜனமும் வரும். அதுலயும் சிரிச்சான்னா நான் பஞ்சாங்கத்தை மூடி வெச்சுட வேண்டியதுதான்."

"கத்தரிச்சு விடப்படாதா சாமி?"

"கத்தரிக்கறதுக்கு நாள் இருக்கே. செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, சனி ஆகாது, அமாவாசை ஆகாது, ஏகாதசி ஆகாது. முகூர்த்தம் இதையெல்லாம் பாத்துண்டா வரது? வெட்டின அஞ்சாம் நாள் முள்ளு முள்ளா வந்துடறது."

டாக்டரம்மா அவரிடம் நான்கு கேள்வி கேட்டார். மணந்தார். விபூதியும் கற்பூரமும்தான், காதில் ஒன்றுமில்லை. காதின் பின்னால் ஓரிடத்தில் ஒரே ஒரு அடி அடித்து, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார். காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நாள் குறிக்க உட்கார்ந்தோம். அங்கேதான் சண்டை.

எங்கள் லேசர் நாள் புதனும் சனியும். முந்தின நாள் சவரம் பண்ணி வர வேண்டும். அதாவது செவ்வாய், வெள்ளி. வாத்தியார் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார். "படவே படாது."

டாக்டரம்மா மேசையைப் பார்த்தபடி, "திங்கள் ஆகாமோ?" என்றார்.

வாத்தியார் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து விரலை ஓட்டினார். கல்யாணத்துக்கு முந்தின திங்கள் ஆகும். ஆனால் இன்னொரு சந்தேகம். லேசர் அடிப்பதே க்ஷவரமா, இல்லையா? க்ஷவரமானால் அந்தப் புதன் ஆகுமா? குளிக்க வேண்டுமா? கிறிஸ்தவளான நானும் கிறிஸ்தவரான டாக்டரம்மாவும் அரை மணி நேரம் உட்கார்ந்து இதற்குப் பதில் தேடினோம். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். கடைசியில் வாத்தியாரே தீர்ப்புச் சொன்னார். "கத்தி படலை. வெளிச்சம்தான் படறது. அதனால க்ஷவரமில்லை." அப்பாடா என்று இருந்தது.

காதின் தோல் மெல்லியது. அதனால் டாக்டரம்மா முதல் தடவை ஒரே காதுக்குத்தான் சம்மதிப்பார். நானே சீட்டில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: திங்கள் சவரம். இடது காது மட்டும்.

எழுதும்போதே இன்னொன்றும் சொன்னேன். மறைத்துப் பேசுவது எனக்கு வராது. "சாமி, உள்ளதைச் சொல்லுதேன். மிஷின் கறுப்பு முடியிலதான் வேலை செய்யும். உம்ம காதுல பாதி வெள்ளை. அது போவாது."

வாத்தியார் யோசித்தார். "கறுப்பா இருந்தா போகும்?"

"கறுப்பா இருந்தா போவும்."

"மனசிலாச்சு" என்றார். புரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை காலை எழுந்தபோது என் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் மிஷின் கிடையாது. அடுத்த லேசர் நாள் சனி. அதற்கு மறுநாள் கல்யாணம். லேசர் அடித்தால் ஒரு நாளைக்காவது சிவப்பும் தடிப்பும் இருக்கும். சிவந்த காதோடு அவர் போய் மணையில் உட்கார வேண்டும். எல்லாருடைய முகத்துக்கும் நேரே எல்லாவற்றையும் சொல்லி ஊரெல்லாம் கெட்ட பெயர் வாங்கியவள் நான். அன்று ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டேன்.

வாத்தியார் வந்தார். இடது காது சுத்தமாகச் சவரமாகியிருந்தது. வலது காது பழையபடி காடு. நான் குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். காற்றே போகவில்லை, வாசனை எங்கே போகும்? காதின் ஓரம் கொஞ்சம் கறுத்தாற்போல் இருந்தது. வெயிலில் அலைகிறவர்தானே என்று விட்டுவிட்டேன்.

"தங்கம், மணத்து நோக்கியோ?"

"நோக்கி" என்றேன்.

காது துவாரத்துக்குள் வெளிச்சம் போகக் கூடாது. பஞ்சு வைத்து அடைத்தேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் போனதும் வாத்தியார் பயத்தில் ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் கல்யாண மண்டபத்தில் சொல்வதுபோலச் சொன்னார். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து நின்று கும்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜெல் தடவி முதல் அடி அடித்தேன். வழக்கமாக டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அன்று பட் என்றது.

"சிஸ்டர், கருகற வாசனை வரது!"

"முடி கருகும் சாமி. எல்லாருக்கும் வாறதுதான்" என்று கத்தினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், முடி கருகும் வாசனை எல்லாருக்கும் வரும். அதை எதிர்பார்க்கலாம். வலியும் வரும். ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் விட்டதுபோல இருக்கும். காதிலும் மேலுதட்டிலும் கொஞ்சம் பெரிய ரப்பர் பேண்ட்.

இரண்டாவது அடிக்கு வாத்தியார் நாற்காலியிலிருந்து எழும்பி நின்றுவிட்டார். ஸ்லோகம் நடுவில் அறுந்தது. "ஐயோ, இது வெளிச்சமில்லை, கொள்ளிக்கட்டை!"

கதவு திறந்தது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

"டை" என்றார்.

அடுத்த நிமிடம் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணி வாத்தியார் காதில் இருந்தது. பஞ்சை எடுத்துவிட்டு டாக்டரம்மா அவரிடம் மெதுவாகக் கேட்டார். அவர் குழந்தைபோல எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திங்கள் சவரம் பண்ணிய பிறகு, செவ்வாய்க்கிழமை கண்ணாடியில் பார்த்திருக்கிறார். காதின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கறுப்பாக இருந்தால்தான் போகும் என்று சிஸ்டர் சொன்னார்களே. வீட்டில் தலைக்குப் போடும் கறுப்பு டை இருந்தது. அதைக் கரைத்துத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக் காது முழுக்கத் தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவியிருக்கிறார். வேருக்குள் டை போகுமா, மேலே தோலில்தான் நிற்குமா என்று அவர் யோசிக்கவில்லை.

"ஆருடே டை?" என்றார் டாக்டரம்மா. வாத்தியாரின் தலை முழுக்க வெள்ளை.

வாத்தியார் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதைக் கேக்காதேங்கோ." அவர் வீட்டு மாமிக்கு அந்த வயதிலும் ஒரு நரை கிடையாது என்று கரமனையே சொல்லும்.

பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். மேசையிலிருந்த ஒரு குப்பியைத் திறந்து, பெயர் ஒட்டிய இடத்தைக் கையால் மறைத்து, என் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"எந்தா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பன்னீர்" என்றேன்.

புண் துடைக்கும் ஸ்பிரிட். நாலு அறை தாண்டியும் மணக்கும்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லை. வாத்தியார் முன்னால் கை கூப்பி, "தெற்று எங்களுடேதாணு" என்றார். தப்பு எங்களுடையது. எங்களுடைய என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு எனக்கு உத்தரவு போட்டார்: பத்து நாள் நான் மிஷினைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போய் அவர் காதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை எனக்குச் சர்ச் உண்டு" என்றேன்.

"தெய்வத்தினோடு ஞான் பறஞ்ஞோளாம்" என்றார். கடவுளிடம் அவர் சொல்லிக்கொள்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரமனையில் பஸ் இறங்கினேன். வாத்தியாரின் காது ஓரத்தில் பாசிப்பயறு அளவில் இரண்டு கொப்புளம், சுற்றிலும் செம்பருத்திப் பூ நிறம். மருந்து தடவி, மேலே பஞ்சு வைத்து ஒட்டினேன்.

"சூடு படப்படாது சாமி. நெருப்புப் பக்கத்துல இரிக்காதேயும்."

"நான் வாத்யார், சிஸ்டர். ஹோமத்தை விட்டுட்டு வாசல்லயா உக்கார முடியும்?"

நெருப்பு அவருக்கு வலது பக்கம் இருந்தது. அது தப்பித்தது. ஆனால் இடது பக்கத்தில் வீடியோக்காரன் பினு, தோளில் கேமரா, மேலே சூரியன். விளக்கைப் போட்டதும் வாத்தியாரின் முகம் சுருங்கியது. நான் நேரே போனேன்.

"தம்பி, அந்தப் பக்கம் போய் எடு."

"சேச்சி ஆரா?" என்றான். "ஃப்ரேமில் கேறி நிக்கல்லே." படத்துக்குள் வந்து நிற்காதே என்கிறான்.

"நான் ஆராயிருந்தா உனக்கென்ன? லைட்டைத் திருப்பு. அல்லேங்கில் வயரைப் பிடுங்குவேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வலது பக்கம் போனான். விளக்கைப் போட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வலது காது! சீட்டில் நான் எழுதியது இடது காது மட்டும். வாத்தியார் அப்படியே செய்திருந்தார். திங்கள்கிழமை சவரக்காரர் வலது காதையும் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, சிஸ்டர் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த நாளெல்லாம் கத்தி ஆகாத நாள், ஆகும் நாளில் இவருக்குக் காய்ச்சல் மாதிரி வலி. மூன்று வாரமாக எந்தக் காதைப் பார்த்துத் தெரு சிரிக்கும் என்று பயந்தாரோ அந்தக் காதை நானே விளக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

மாப்பிள்ளை காசி யாத்திரைக்குப் பிடித்த பனையோலை விசிறி ஒரு நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் போய், விளக்குக்கும் வலது காதுக்கும் நடுவில் நீட்டினேன். பினு நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். இடது பக்கம் வந்தான், நானும் வந்தேன். இப்படி ஒரு மணி நேரம். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்திருக்கிறார்கள். விசிறி வீசுவது ஏதோ சடங்கு என்று ஒரு மாமி என் கையில் குங்குமச் சிமிழைக்கூட நீட்டினார்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் பெரியப்பா எழுந்தார். வாட்டசாட்டமான ஆள். அந்தத் தெருவில் யாருக்கு எந்த வாத்தியார் என்று முடிவு செய்பவர் அவர்தான். சபை முழுக்கக் கேட்கும்படி, "என்ன வாத்யாரே, காதுல பஞ்சு? அந்த அம்மா யாரு, உமக்கு வெஞ்சாமரம் வீசறா?" என்றார்.

எறும்பு கடித்தது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் சொல்லவில்லை. "காது முடியைப் பாத்து எல்லாரும் சிரிக்கறேளேன்னு லேசர் அடிச்சுக்கப் போனேன். புத்தி கெட்டுக் காதுல டையைத் தடவிண்டு போனேன். சுட்டுடுத்து. ஆஸ்பத்திரி மேல தப்பில்லை, என் மேலதான்."

மண்டபம் அதிர்ந்தது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டுச் சிரித்தார். வாத்தியார் குனிந்து தர்ப்பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வைத்ததையே மறுபடி எடுத்து வைத்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"என்னவாக்கும் சிரிப்பு?" என்று கத்தினேன். விசிறி இன்னும் கையில் இருந்தது. "தப்பு சாமி மேல இல்ல. அவர் டை போட்டுட்டு வந்தா மணந்து கண்டுபிடிக்கணும். அதுதான் என் வேலை. எனக்கு அன்னைக்கு மூக்கடைப்பு. சொல்லாம மறைச்சேன். சுட்டது நானாக்கும். சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரியுங்கோ!"

சிரிப்பு நின்றது. பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, தலையைத் திருப்பித் தன் காதைக் காட்டினார். வாத்தியார் காது அதன் முன்னால் வெறும் மைதானம்.

"இதுக்கு எத்தனை தடவை வரணும்?" என்றார்.

"ஆறு தடவை. மாசத்துக்கு ஒண்ணு. டை போட்டுட்டு வந்தா அடுத்த பஸ்ஸுல திருப்பி அனுப்புவேன்."

"நம்ம வாத்யாருக்கு முதல்ல சரியாகட்டும். அப்புறம் நான் வரேன்" என்றார். "வாத்யாரே, ஆவணியில எங்காத்துப் பூணல் இருக்கு. நீர்தான்."

எல்லாம் பினுவின் கேசட்டில் பதிவாகிவிட்டது. தாலி கட்டும் இடம் முழுக்க ஒரு விசிறியும் என் முழங்கையும்தான் தெரியும். அதன் பிறகு என் கத்தல். ஆனால் காது தெரியவில்லை. இரண்டுமே தெரியவில்லை.

கொப்புளம் தழும்பில்லாமல் ஆறியது. டாக்டரம்மா இரண்டு மாதம் பொறுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் நான் மணந்த பிறகு அவரும் ஒரு தடவை மணந்தார். முதல் அடிக்குப் பிறகு பத்தாம் நாள் வாத்தியார் ஓடி வந்தார், "மறுபடி முளைக்கறது சிஸ்டர்!" என்று. எல்லாரும் இப்படி ஓடி வருவார்கள். அது முளைப்பதில்லை, செத்த முடி வெளியே வருவது. பிடுங்காமல் விட்டால் தானாக உதிரும். ஏழு தடவையில் கறுப்பு போய்விட்டது. வெள்ளை ஒரு காதுக்குப் பத்துப் பன்னிரண்டு மிச்சம். "போகாதுன்னு முதல்லயே சொன்னேளே. இருக்கட்டும். எங்காத்துல அதிர்ஷ்டம் கேட்டா காட்டறதுக்கு வேணும்" என்றார் வாத்தியார். பெரியப்பாவும் வந்தார். அவருக்குப் பிறகு அக்கிரகாரத்திலிருந்து ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர், எல்லாரும் திங்கள்கிழமை சவரம் பண்ணிக்கொண்டு.

எனக்கு என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? அந்தப் பத்து நாள் முடிந்து மிஷினுக்குத் திரும்பிய காலையில் டாக்டரம்மா என் மேசையில் மூன்று குப்பிகள் வைத்திருந்தார். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டை. கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாக மூக்கின் கீழே பிடித்து, "எந்தா?" என்றார். சரியாகச் சொன்ன பிறகுதான் மிஷினின் சாவி. ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல. நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு காலையும். பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் கொதிக்கும். ஆனால் அந்த வருடங்களில் எங்கள் மிஷினில் இன்னொரு கொப்புளம் வந்ததில்லை.

கடைசி நாளும் அப்படித்தான். கேக் வெட்டி, பொன்னாடை போர்த்தி, எல்லாரும் பேசி முடித்த பிறகு டாக்டரம்மா ஒரே ஒரு குப்பியை எடுத்து வந்தார். நான் கண்ணை மூடினேன்.

"எந்தா?"

"டை."

"ஆருடேயா?"

"அதைக் கேட்கப்படாது டாக்டரம்மா" என்றேன்.

அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அந்தக் குப்பிகள் மூன்றும் இப்போது என் வீட்டில்தான் இருக்கின்றன. நாளைக் காலை புது மிஷினைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் இரண்டும் வந்து என் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நான் பஸ் ஏறி அங்கே வந்தால் நன்றாக இருக்காது.